கொல்லன் பட்டறையும் ஓவியன் கண்ணும்

நம் புதுக்கவிதையில் கொல்லன் உலைக்கு ஓய்வே கிடையாது. கோபம் வந்தால் உலை. சமூகம் மாறவேண்டுமென்றால் உலை. காதலில் தோற்றாலும் நெஞ்சுக்குள் ஓர் உலை. துருத்தி ஒன்று, சம்மட்டி ஒன்று, தெறிக்கிற பொறி கொஞ்சம் என்று இந்த மூன்றோடு விஷயம் முடிந்துவிடுகிறது. சமீபத்தில் ஒரு நண்பர் படித்துப் பார்க்கக் கொடுத்த கட்டில் நாற்பது கவிதைகள். அவற்றில் ஐந்து பட்டறையில் நடக்கின்றன. ஐந்திலும் குறடு இல்லை. பழுக்கக் காய்ந்த இரும்பைக் கொல்லன் எதைக்கொண்டு பிடித்திருக்கிறான் என்ற கேள்வி கவிஞருக்கு எழவே இல்லை. கையால்தான் போலிருக்கிறது.

இதைத் தகவல் குறை என்று தள்ளிவிட முடியாது. கவிஞன் தொழிற்கல்வி ஆசிரியன் அல்ல என்ற பதிலும் எனக்குத் தெரியும். ஆனால் குறுந்தொகையில் கச்சிப்பேட்டு நன்னாகையார் பாட்டு ஒன்று இருக்கிறது. பிரிவில் கிடக்கிறவள் தன் நெஞ்சைக் கொல்லனின் துருத்திக்கு ஒப்பிடுகிறாள். எந்தத் துருத்தி? ஏழு ஊர்களுக்குப் பொதுவாக ஓர் ஊரில் அமைந்த பட்டறையின் துருத்தி. காலால் மிதிக்கிற தோல் துருத்தி. ஏழு ஊர்க் கலப்பைக்கும் அரிவாளுக்கும் ஒரே தோல் உப்பிச் சுருங்க வேண்டியிருக்கிறது. அந்த ஓய்வின்மைதான் அவள் நெஞ்சுக்கு வந்து சேர்கிறது. தொழிலின் ஏற்பாடு தெரிந்ததால்தான் உவமை பிறந்தது. நம்மவர்களிடம் இது தலைகீழ். உவமை முதலில் வந்துவிடுகிறது, அப்புறம் அதற்கு ஒரு கொல்லனைத் தேடுகிறார்கள்.

இந்த எரிச்சலோடுதான் சில மாதங்களாகப் பழைய ஓவியங்களில் பட்டறைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அதிலும் துப்பாக்கி செய்கிறவனின் பட்டறையை. காரணம் எளிது. வங்கிக் குமாஸ்தா வேலை செஞ்சியில், வீடு தொண்டூரில். தினமும் போக வர ராஜகிரி கண்ணில் படுகிறது. 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை. பின் ராஜாராம் உள்ளே இருக்க, ஜுல்பிகார் கான் வெளியே ஏழெட்டு வருஷம் முற்றுகையிட்டு 1698-ல் எடுத்துக்கொண்ட கோட்டை. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் ஆங்கிலேயர்கள். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. ஒவ்வொரு கை மாற்றமும் வெடிமருந்தோடு நடந்தது. மலை உச்சியில் இன்னும் ஒரு பீரங்கி கிடக்கிறது. வருகிறவர்கள் அதன்மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். தேசிங்கு கதை பாடுகிறவர்கள் குதிரையைப் பாடுகிறார்கள். துப்பாக்கியின் விசைமேல் தூக்கி நிற்கிற உறுப்புக்கும் தமிழில் குதிரை என்றுதான் பெயர். அந்தக் குதிரையைப் பாடியவர் இல்லை. இத்தனை சண்டைக்கும் துப்பாக்கிகளைச் செய்தவன், பழுது பார்த்தவன், வாய் பிளந்த குழலை மறுபடி சுற்றி அடித்தவன் எங்கே என்று தேடினால் செஞ்சி வட்டாரத்துச் சுவர் எதிலும் அவன் முகம் இல்லை. ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில், 18-ம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சுவரோவியங்களில், துப்பாக்கி பிடித்த வீரர்கள் இருக்கிறார்கள். தஞ்சை மராத்தியரோடு சேதுபதியின் சண்டை. அங்கே துப்பாக்கி ஒரு கோலம்: சாய்ந்த கோடுகள், பக்கத்தில் பக்கத்தில். சுடுகிறவனுக்கே முகம் பொதுமுகம். செய்தவனுக்கு இடம் ஏது?

ஆகவே வடக்கே போகவேண்டியிருக்கிறது. அக்பர்நாமாவின் ஓவியப் பிரதி, 1590-களில் வரைந்தது, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. அதில் பிரசித்தமான ஒரு பக்கம்: 1568-ல் சித்தூர் முற்றுகையில் அக்பர் கோட்டைச் சுவரில் நின்ற ஜெய்மலைச் சுடுவது. அந்தத் துப்பாக்கிக்குப் பெயர் உண்டு: சங்க்ராம். அந்த ஒரே துப்பாக்கியால் தன் தகப்பனார் மூவாயிரம் நாலாயிரம் மிருகங்களையும் பறவைகளையும் அடித்தார் என்று ஜஹாங்கீர் பின்னால் பெருமையாக எழுதினார். சுட்டவருக்குப் பெயர் உண்டு, விழுந்தவருக்குப் பெயர் உண்டு, சுட்ட சாமானுக்கும் பெயர் உண்டு. இந்தப் பிரதியின் பக்கங்களில் கீழ் ஓரத்தில் சிவப்பு மையில் ஓவியர்களின் பெயர்களையும் — கோட்டு உருவம் இன்னார், வண்ணம் இன்னார் என்று — ஏதோ ஒரு குமாஸ்தா குறித்துவைத்திருக்கிறான். (என் ஜாதிக்காரன். அவன் பெயர் இல்லை.) சங்க்ராமைச் செய்தவன் மட்டும் படத்துக்குள்ளும் இல்லை, ஓரத்திலும் இல்லை.

உழைப்பை வரைய அந்த ஓவியர்களுக்குத் தெரியாது என்று சொல்லமுடியாது. இதே பிரதியில் ஃபதேபூர் சிக்ரி கட்டுகிற பக்கங்கள் இருக்கின்றன. கல் உடைக்கிறவன், சாந்து சுமக்கிறவள், மேஸ்திரி எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ரந்தம்பூர் மலைமேல் காளைகள் பீரங்கி இழுக்கிற பக்கத்தில் ஆட்கள் தள்ளுகிற தள்ளலில் முதுகு வலிக்கிறது நமக்கு. அதே காலத்து அக்லாக்-இ-நாசிரி பிரதி ஒன்றில் தங்கள் பட்டறையையே வரைந்துகொண்டார்கள்: எழுதுகிறவர், வரைகிறவர், தாளை மெருகிடுகிறவர் என்று எல்லோரும் தத்தம் கருவியோடு. ஆக, பட்டறை என்பது வரையத் தகுந்த விஷயம் என்ற பிரக்ஞை இருந்திருக்கிறது. துப்பாக்கி செய்கிறவனின் பட்டறையை மட்டும் நான் பார்த்தவற்றில் அவர்கள் தொடவில்லை. ஏன் என்பதற்கு எனக்குத் தோன்றுகிற காரணத்தைச் சொல்வதற்குமுன் அந்தத் தொழில் எப்படி என்று பார்க்கவேண்டும்.

துப்பாக்கிக் குழல் ஓட்டை போட்ட இரும்புத் தடி அல்ல. அந்தக் காலத்தில் அல்ல. இரும்பைத் தட்டையாக அடித்துப் பட்டையாக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டையை ஒரு கம்பியின்மேல் சாய்வாக, சுற்றின்மேல் சுற்று ஏறும்படி சுற்ற வேண்டும். பாம்பு கழியில் சுற்றுகிற மாதிரி. அப்புறம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உலையில் வைத்து, இரும்பு வெளுத்துப் பளபளக்கிற சூட்டில் எடுத்து, ஓரமும் ஓரமும் ஒன்றாகிவிடும்படி அடிக்க வேண்டும். சூடு குறைந்தால் ஒட்டாது. கூடினால் இரும்பு கருகிப் பொரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரம் நாலைந்து மூச்சு. கம்பி குழலோடு ஒட்டிக்கொள்ளும்முன் உருவிவிட வேண்டும். இப்படி விரல் விரலாக இரண்டு முழ நீளம். இதெல்லாம் முடிந்தபின்தான் வேலையே ஆரம்பம். குழலைவிட நீளமான துரப்பணத்தை உள்ளே விட்டுச் சுரண்ட வேண்டும். குழல் நேராக இருக்கிறதா என்று உள்ளே ஒரு நூலை இழுத்துக்கட்டிக் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். எங்கே கோணுகிறதோ அங்கே வெளியிலிருந்து ஒரு தட்டு. மறுபடி நூல். மறுபடி கண்.

அபுல் ஃபஸலின் அயினி அக்பரியில் இந்தச் சுற்றி அடிக்கிற முறை சொல்லப்பட்டிருக்கிறது. முன்பு பலசாலிகள் கையால் படாதபாடு பட்டுக் குழலைச் சுத்தம் செய்தார்கள், பாதுஷா ஒரு சக்கரத்தைக் கண்டுபிடித்தார், மாடு சுற்ற ஒரே சமயத்தில் 16 குழல்கள் சுத்தமாகின்றன என்றும் எழுதியிருக்கிறார். (பாதுஷா எத்தனையோ கண்டுபிடித்தார், அபுல் ஃபஸலைப் படித்தால்.) 1873-ல் வெளிவந்த பிளாக்மனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தச் சக்கரத்துக்குப் படமும் உண்டு. எல்லாம் தெளிவு. குழலின் உள்ளே நடக்கிறது மட்டும் தெரியாது. தெரியவும் வழியில்லை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வாள் செய்கிறவனின் திறமை வாளின் மேலே தெரிகிறது. தச்சன், தட்டான், நெசவாளி எல்லோருக்கும் வேலை கண்ணுக்கு முன்னால். துப்பாக்கி செய்கிறவனின் திறமை முழுக்க ஓர் இருட்டான துவாரத்துக்குள் இருக்கிறது. வெளியே தந்தம் பதிக்கலாம், வெள்ளிக் கம்பி இழைக்கலாம். அவை வேறு கைகளின் வேலை. உள்ளே மயிரிழை கோணினால் அத்தனையும் வீண். ஓவியன் வெளியின் ஆள். அவனால் சிற்பியைப் போல இதைக் காட்டிவிட முடியாது. சம்மட்டி ஓங்கிய ஒரு கொல்லனை வரைந்துவிடலாம். அது கலப்பைக்கும் பொருந்தும், கடப்பாரைக்கும் பொருந்தும்.

பின் எப்படித்தான் காட்டுவது? ஒரே வழி, கருவி. குழலைவிட நீளமாக ஒரு துரப்பணம் கிடக்கிறதென்றால், அது போய்வருகிற இருட்டின் நீளமும் அங்கே கிடக்கிறது. ஓர் அரத்தின் வளைவைப் பார்த்தால் அது தேய்த்த இடத்தின் வளைவு தெரியும். கருவியின் உருவம் வேலையின் உட்புறத்தைச் சொல்லிவிடுகிறது, உவமை இல்லாமலே. உவமை கிடையாது என்பதை அழுத்திச் சொல்ல ஆசை.

இதை ஓர் ஓவியன் செய்தான். அவன் பெயரும் தெரியாது. பிரிட்டிஷ் நூலகத்தில் காஷ்மீர்த் தொழில்களைப் பற்றிய ஆல்பம் ஒன்று, 1850-60 காலத்தது, 86 படங்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தாள். உட்கார்ந்து வேலை செய்கிற மனிதர்கள். அவர்களைச் சுற்றி, தரையில்லாத வெற்றுத் தாளில், அந்தத் தொழிலின் கருவிகளும் செய்த சாமான்களும் தனித்தனியாக. ஒன்றின்மேல் ஒன்று படவில்லை, நிழல் விழவில்லை. துப்பாக்கி செய்கிறவர்களுக்கும் இதே ஏற்பாடு. காஷ்மீர்க் குழல்கள் அந்தக் காலத்தில் பேர்பெற்றவை. 1820-களில் அங்கே வந்த மூர்கிராஃப்ட் என்ற ஆங்கிலேயர் செய்முறையைப் பக்கம் பக்கமாக எழுதிவைத்தார். அந்தப் பக்கங்களைவிட இந்தத் தாளில் எனக்கு அதிகம் புரிந்தது. முதலில் பார்க்கும்போது குழந்தைகளின் அரிச்சுவடி மாதிரி இருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்தால் ஒவ்வொரு கருவியும் இன்னொன்றுக்காகக் காத்திருப்பது தெரிகிறது. இதை எடுத்து வைத்தபின் அது, அது முடிந்தபின் இது என்று கண் தானாக ஒரு வரிசையைத் தேட ஆரம்பிக்கிறது. காலம் படத்துக்குள் வந்துவிடுகிறது. அக்பர் சபையின் மகா ஓவியர்களால் முடியாததை இவன் சாமான்களைப் பரப்பிவைத்தே செய்துவிட்டான்.

நம் பக்கத்தில் இதற்கு ஈடாகச் சொல்லக்கூடியவை தஞ்சாவூரில் 1800-ஐ ஒட்டி வெள்ளைக்காரர்களுக்காக வரையப்பட்ட ஜாதி-தொழில் ஆல்பங்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். கீழே ஒரு கீற்றுத் தரை, மேலே ஆகாயம். கையில் தொழிலின் அடையாளமாக ஒரு சாமான். இவற்றில் எனக்கு மரியாதை குறைவு. இங்கே கருவி வேலை செய்வதில்லை, விலாசம் சொல்கிறது. கொல்லன் கையில் சம்மட்டி, முருகன் கையில் வேல் மாதிரி. உலையே இல்லாத வெளியில் இருவரும் புதுத் துணி உடுத்தி நிற்கிறார்கள். நம் புதுக்கவிதைக் கொல்லனுக்கு முப்பாட்டன் இவன்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆனால் காஷ்மீர்த் தாளையும் சும்மா கொண்டாடிவிட முடியவில்லை. ஒரு நண்பர் (கவிஞர், கோபக்காரர்) அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, இது ஏல நோட்டீஸ் என்றார். சரக்கைப் பரப்பி வைத்தாயிற்று, வாங்குகிறவன் வரவேண்டியதுதான் பாக்கி என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. யார் பார்ப்பதற்காக இது வரையப்பட்டது? துப்பாக்கி செய்கிறவனுக்குத் தன் அரம் எப்படி இருக்கும் என்று தெரியும். தெரியாதவன் வெள்ளைக்காரன். நாட்டைக் கணக்கெடுக்கிறவனுக்குப் பட்டியல் வேண்டும்.

வங்கியில் இருப்பவனுக்கு இது இன்னும் நன்றாகவே புரியும். கொல்லர் ஒருவர் கடனுக்கு வந்தால் ஹைபாதிகேஷன் பத்திரத்தின் பின்னால் நாங்கள் எழுதுவது இதைத்தான்: பட்டடை 1, ஊதுகுழாய் மோட்டார் 1, சம்மட்டி 2, குறடு 4. நிழல் விழாது, ஒன்றன்மேல் ஒன்று படாது. கடன் நின்றுபோனால் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டுதான் பட்டறைக்குப் போவார்கள். அதே நாலு குறடு. பட்டியலுக்கு இரண்டு எஜமானர்கள் இருக்கிறார்கள். ஒருவன் பொருளை அதன் உருவத்துக்காகப் பார்க்கிறவன், மற்றவன் அதன் விலைக்காகப் பார்க்கிறவன். எழுதுகிற கை ஒன்றாகவே இருக்கலாம். நண்பர் இரண்டாமவனைக் கண்டதும் பட்டியலையே கிழித்துப்போடச் சொல்கிறார். அதற்குப் பதிலாக அவர் தருவது என்ன? மறுபடியும் நெஞ்சு, உலை, பொறி. ஏலக்காரன் கண்ணில் குறடாவது இருக்கிறது.

இன்னொரு பக்கத்திலிருந்து வருகிற ஆட்சேபம் ஆனந்த குமாரசாமியின் பெயரால் வருகிறது. மரபுக் கலைஞன் தன் பெயரை விட்டுச் செல்வதில்லை, பெயரின்மையே அவன் பக்குவம் என்பது அவர் பார்வை. 1908-ல் அவர் எழுதிய மத்தியகால சிங்களக் கலை பற்றிய புத்தகத்தில் கண்டிக் கைவினைஞர்களை எவ்வளவு நுணுக்கமாக, எவ்வளவு அன்போடு பார்த்திருக்கிறார் என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். அவரைக் குறைசொல்லும் உத்தேசம் இல்லை. ஆனால் அவரை மேற்கோள் காட்டுகிற நம்மவர்கள், பெயர் தெரியாததையெல்லாம் பெயர் வேண்டாதது என்று ஆக்கிவிட்டார்கள். இது சௌகரியமான ஆன்மிகம். கூலி தராதவன், அவன் கூலியே கேட்கவில்லை என்று சொல்கிற மாதிரி.

அயினி அக்பரி வேறு மாதிரி சொல்கிறது. அரசாங்கத் துப்பாக்கி ஒவ்வொன்றிலும் பொறிக்க வேண்டிய விவரங்களை அபுல் ஃபஸல் வரிசையாகத் தருகிறார்: கச்சா இரும்பின் எடை, செய்து முடித்த இரும்பின் எடை, இரும்பு வந்த இடம், செய்த ஊர், தேதி, எண், இவற்றோடு செய்தவன் பெயர். உஸ்தாத் கபீர், ஹுசைன் என்று இரண்டு கைதேர்ந்தவர்களின் பெயரை அவரே எழுதிவைத்திருக்கிறார். குழல் வெடித்தால் யாரைக் கேட்பது என்ற நிர்வாகக் கவலையாகவும் இது இருந்திருக்கலாம். இருக்கட்டுமே. ஓவியத்தில் விடுபட்ட பெயர் இரும்பில் இருந்திருக்கிறது.

இதைவிடப் பழைய சாட்சி என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. தொண்டூர்க் குன்றில் சமணர் படுக்கைகள். பக்கத்தில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு, கி.பி. 3-ம் நூற்றாண்டு வாக்கில் வெட்டியது. இளங்காயிபன் ஏவினான், அகழூராரின் அறம், மோசி செய்தான் என்பது அதன் விஷயம். அகழூர் இன்றைக்கு அகலூர். சமணக் குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. சொன்னவன், கொடுத்த ஊர், செய்தவன் என்று மூன்று தரப்பும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. படுக்கப்போகிற துறவியின் பெயர்தான் இல்லை. உண்மையில் பெயரை விட்டவர் அவர் ஒருவரே. அவருக்கு அது விரதம். மோசிக்கு அப்படி விரதம் ஏதுமில்லை. (புறநானூற்றில் இன்னொரு மோசி, மோசிகீரனார், தெரியாமல் முரசு கட்டிலில் ஏறித் தூங்கிப்போனவர், சேரன் வந்து விசிறினான் என்பார்கள். அந்த மோசி தூங்கிப் பெயர் வாங்கினார். எங்கள் ஊர் மோசி மற்றவர் தூங்கக் கல் செதுக்கிப் பெயர் வாங்கினான். எனக்கு இவன்மேல் பிரியம் அதிகம்.) ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு குன்றில் உளிக்காரன் பெயரைப் பொறித்த சமூகத்துக்குப் பெயரின்மையே மரபு என்று பாடம் நடத்த வேண்டாம்.

பெயர் எப்போது போனது என்பதற்கு ஒரே தேதி சொல்ல முடியாது. துப்பாக்கி விஷயத்தில் மட்டும் ஓரளவு சொல்லலாம். 1878. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது ஆயுதச் சட்டம் வந்தது. வைத்திருக்க லைசென்ஸ், செய்ய லைசென்ஸ், விற்க லைசென்ஸ். அதே 1878-ல், அதே லிட்டன் காலத்தில், இந்திய மொழிப் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்துகிற சட்டமும் வந்தது. சிறுபத்திரிகை நடத்துகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. பத்திரிகைச் சட்டம் 1882-ல் ரத்தாகிவிட்டது. ஆயுதச் சட்டம் 1959-ல் புதுச்சட்டம் வரும்வரை இருந்தது. அதற்குப் பின்னும் லைசென்ஸ் இருக்கிறது. அந்தப் பதிவேடுகளில் துப்பாக்கிக்கு நேராக எழுதப்படுகிற பெயர் வைத்திருக்கிறவனுடையது. நாட்டுத் துப்பாக்கி செய்கிற கொல்லனின் பெயர் போலீஸ் பிடித்த மறுநாள் பேப்பரில் வரும். அப்போது அவனுடைய கருவிகளும் ஒரு மேஜைமேல், வெள்ளைத் துணியில், தனித்தனியாக அடுக்கிவைக்கப்பட்டிருக்கும். பின்னால் இரண்டு பக்கமும் காக்கி. காஷ்மீர் ஓவியனின் ஏற்பாடு அப்படியே.

2023 செப்டம்பரில் மத்திய அரசு பி.எம். விஸ்வகர்மா என்ற திட்டத்தை ஆரம்பித்தபோது வங்கிகளுக்குப் பட்டியல் வந்தது. 18 தொழில்கள். கருவிகள் வாங்க 15,000 ரூபாய், இரண்டு தவணையாக மூன்று லட்சம் வரை கடன். குலத்தொழிலை நிலைக்கவைக்கிறது என்று ஆட்சேபித்து 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு அந்த வடிவத்தில் அதை ஏற்க மறுத்தது, நியாயமான ஆட்சேபம். ஆனால் பட்டியலைப் படித்தபோது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். தச்சர், படகு கட்டுகிறவர், பிறகு ஆயுதம் செய்கிறவர். கொல்லர் தனியாக இன்னொரு வரியில். 1878-க்கு முன் எத்தனையோ ஊர்களில் ஒரே பட்டடையில் நடந்த வேலைகள் இரண்டு வரிகளாகிவிட்டன. கருவிகள் என்று கேட்டிருந்த இடத்தில் எந்தக் கருவி என்று எழுத இடம் விடவில்லை. தொகை எழுத மட்டும் கட்டம் போட்டிருந்தார்கள்.